கடைப் பலகையில் என் பெயர்

பிறை
4 பிப்ரவரி 1932

ஞானதீபத்துக்கு, அண்ணன் வேதமாணிக்கம் எழுதுவது.

போன வருஷம் உன் வீட்டுப் படி இறங்கியபோது, இனி உனக்கு ஒரு வரிகூட எழுதுவதில்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். அதை மீறி எழுதுகிறேன் என்றால் காரணம் இருக்கிறது. நலம் விசாரிப்பது அந்தக் காரணமல்ல.

அரிசி வியாபாரி மீரா சாகிபுக்குப் பழைய பாக்கியில் ஒரு பகுதியை நீ கட்டியிருக்கிறாய். எங்கள் பிறை ஸ்டேஷன் சரக்குக் கொட்டகைக்கு மூட்டை ஏற்ற வந்த அவருடைய ஆள்தான் சொன்னான். "ஒங்க தங்கச்சி கெட்டிக்காரிதான் கிராணியாரே, காசைக் கொண்டாந்து வச்சிட்டாங்க லா!" என்றான். நாலு பேர் முன்னால் நான் சிரித்து வைத்தேன். வேறென்ன செய்வது?

அந்தக் காசு எங்கிருந்து வந்தது?

உன் புருஷன் ஈசாக்கு மளிகைக் கடை வைக்கச் செட்டியாரிடம் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்துப் போட்டவன் நான். மீரா சாகிபிடம் கடனுக்கு எடுத்த அரிசியை அவன் அடக்க விலைக்கும் கீழே விற்றுக் காசாக்கினான். அந்தக் காசோடு மேடானுக்கென்று கப்பலேறினான். கடை மூடியது. செட்டியார் என்னைப் பிடித்தார். மாதாமாதம் என் குமாஸ்தாச் சம்பளத்தில் பதினைந்து வெள்ளி அவருக்குப் போகிறது. என் மனைவியின் கழுத்தில் தாலியைத் தவிர ஒன்றும் மிச்சமில்லை. இதெல்லாம் தெரிந்தும், கையில் காசு வந்ததும் நீ போய் நின்றது மீரா சாகிப் கடை வாசலில்.

ஈசாக்கு உண்மையிலேயே மேடானில் இருக்கிறானா, அல்லது ஜார்ஜ் டவுனிலேயே எங்காவது ஒளிந்திருக்கிறானா? கொண்டுபோனதில் கொஞ்சம் கொஞ்சமாக உனக்கு அனுப்புகிறானா? கிறிஸ்தவப் பெண் என்று சொல்லிக்கொள்கிறாய். உண்மையை எழுது.

வேதமாணிக்கம்


ஜார்ஜ் டவுன்
10 பிப்ரவரி 1932

அன்புள்ள அண்ணனுக்கு ஸ்தோத்திரம்.

கேள்வி கேட்பதற்காகவாவது எழுதினீர்களே, சந்தோஷம்.

அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியாது. போனவர் ஒரு கடுதாசி போடவில்லை, ஒரு காசும் அனுப்பவில்லை. நான் ஆர்கைல் ரோட்டில் மாடியில் இரண்டு அறை எடுத்து, ஆபீஸ் பையன்களுக்குச் சாப்பாடு போடுகிறேன். அந்தக் காசுதான் நீங்கள் கேட்ட காசு.

மீரா சாகிப் நானாவிடம் முதலில் போனது ஏனென்றால், அரிசி இல்லாமல் சாப்பாடு போட முடியாது. அன்றைக்கு நடந்ததையும் எழுதுகிறேன், கேளுங்கள். கடைக்குள் கால் வைத்ததுமே அவர் கையை நீட்டித் தடுத்தார்.

"பழைய பாக்கி அப்படியே நிக்குது. இதுல புதுசா வேறயா? ரொக்கம்னா எடுத்துக்க தங்கச்சி. கடன்னா வேற துக்கான், வேற கடை பாரு லா."

"ரொக்கந்தான் நானா. அரிசிக்கு இது. இந்த மூணு வெள்ளி பழைய பாக்கிக்கு."

அவர் காசை எடுக்கவில்லை. என்னையே பார்த்தார். "ஒம் புருஷன் வாங்குன கடன். ஒங்கிட்ட எவன் கேட்டான்?"

"கடைப் பலகையில இருந்தது எம் பேருதானே நானா."

நினைவிருக்கிறதா அண்ணா? 'ஞானதீபம் ஸ்டோர்' என்று என் வீட்டுக்காரர் என் பெயரைத்தான் எழுதிவைத்தார். எனக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று எழுதினாராம். இன்று பினாங்கு ஸ்ட்ரீட்டில் அந்தப் பெயரைச் சொன்னால் கடைக்காரர்கள் காசுப் பெட்டியை மூடுகிறார்கள். மீரா சாகிப் நான் கொடுத்த வெள்ளியை ஒவ்வொன்றாகக் கல்லில் தட்டிப் பார்த்துத்தான் எடுத்துக்கொண்டார். கள்ளக் காசோ என்று பயம். அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ஏதோ கொஞ்சம் கொண்டுபோய்க் கொடுத்துவருகிறேன். இன்னமும் தட்டித்தான் பார்க்கிறார்.

சட்டப்படி அது என் கடனில்லை என்று போதகரும் சொன்னார். ஆனால் கோவிலில் எனக்கு முன் வரிசையில் இருப்பவர் எங்கள் கடையில் முன்பணம் கொடுத்து ஏமாந்தவர். கர்த்தர் கற்றுக்கொடுத்த ஜெபத்தில் கடனை மன்னிக்கச் சொல்லிக் கேட்கிற இடம் வரும்போது அவர் முதுகுதான் எனக்குத் தெரிகிறது. என் வாய் தானாக மூடிக்கொள்கிறது. அதனால் போதகரிடம் ஒன்று சொல்லிவிட்டேன்: பாக்கி தீருகிறவரை காணிக்கைத் தட்டில் ஒரு காசுக்கு மேல் போடமாட்டேன். மிச்சமெல்லாம் என் காசு இல்லை. ஊரார் காசை எடுத்து ஆண்டவருக்குக் கொடுப்பது எப்படிக் காணிக்கையாகும்?

இனி நான் ஒன்று கேட்கிறேன். போன வாரம் ராமதாஸ் என்று ஒருவர் புதிதாகச் சாப்பிட வந்தார். பிறையிலிருந்து வருகிறாராம். சாப்பிட்டதைவிடக் கேட்டதுதான் அதிகம். கொடியில் காய்வது யார் சட்டை, உள் அறைக்குப் பூட்டு எதற்கு என்று. அவரை அனுப்பியது நீங்களா?

தங்கை
ஞானதீபம்


பிறை
22 பிப்ரவரி 1932

ஞானதீபம்,

ஆமாம், நான்தான் அனுப்பினேன். மறைக்க அவசியமில்லை. ராமதாஸ் என்னோடு வேலை பார்க்கிறவன், பொய் சொல்கிற ஆளில்லை. அவன் பார்த்துவந்ததைச் சொல்கிறேன். கொடியில் ஆண்பிள்ளைச் சட்டைகள். எல்லாரும் சாப்பிட்டுப் போன பிறகும் மூடிவைத்த இரண்டு தட்டுச் சோறு. பூட்டிய ஓர் அறை. ஊரில் யாரைக் கேட்டாலும் இதற்கு ஒரே அர்த்தந்தான் சொல்வார்கள்.

ஜெபத்தைப் பற்றியும் காணிக்கையைப் பற்றியும் அழகாக எழுதியிருக்கிறாய். ஈசாக்கும் அழகாகத்தான் பேசினான். ஜாமீன் கையெழுத்து வாங்க வந்த அன்று என் வீட்டில் முழங்காலில் நின்று ஜெபம் பண்ணினான். நான் உருகிப்போய்ப் பேனாவை எடுத்தேன். இனி வேத வார்த்தை சொல்லி யாரும் என்னிடம் ஒன்றும் வாங்க முடியாது.

வேதமாணிக்கம்


ஜார்ஜ் டவுன்
1 மார்ச் 1932

அண்ணனுக்கு,

சட்டைகள் சாப்பிட வருகிற பையன்களுடையவை. துவைத்துத் தேய்த்துக் கொடுத்தால் சட்டைக்கு மூன்று காசு. மூடிவைத்த தட்டுகள் துறைமுகத்தில் முறை வேலை பார்க்கிற இரண்டு பேருக்கு. பூட்டிய அறையில் இருப்பது அரிசி. கடன்பட்டவள் வீட்டு அரிசி என்றால் அவனவன் பாக்கிக்கு ஈடாக எடுத்துப்போகலாம் என்று ஒருவர் சொல்லக் கேட்டேன், அதனால் பூட்டு.

என் விரல் நகங்களைச் சவுக்காரம் தின்றுவிட்டது. ராமதாஸ் அதைப் பார்க்கவில்லையா?

நீங்கள் மட்டுந்தான் சந்தேகப்படத் தெரிந்தவர் என்று நினைக்கவேண்டாம். மாதர் சங்கத்துச் சீட்டில் என்னைச் சேர்க்கக் கூடாது என்று சபை மூப்பரிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். பிறையிலிருந்து வந்த செய்தி என்று அவர் மனைவி வாய் தவறி உளறிவிட்டாள். பிறையில் எனக்கு எத்தனை அண்ணன்?

இதோடு ஐந்து வெள்ளிக்கு மணியார்டர் அனுப்புகிறேன். செட்டியாருக்கு நீங்கள் கட்டியதில் என் பங்குக்கு முதல் தவணை. உங்கள் சமாதானத்தை வாங்குவதற்காக இல்லை.

ஞானதீபம்


பிறை
8 ஜூலை 1932

தங்கச்சி ஞானதீபத்துக்கு,

நீ மாதாமாதம் அனுப்புகிற மணியார்டர்கள் வந்து சேர்ந்தன. பதில் போடவில்லை. அந்தக் காசை நான் தொடவும் இல்லை. அது யார் காசு என்று நிச்சயமாகத் தெரியாமல் தொட மனம் வரவில்லை. மூப்பரிடம் சொன்னது நான்தான். அன்று சரியென்று பட்டது.

இப்போது எழுதுவது வேறு விஷயம். ரப்பர் விலை விழுந்ததிலிருந்து சரக்கு வண்டிகள் பாதி காலியாக ஓடுகின்றன. ஆள் குறைக்கப் பட்டியல் தயாராகிறது. கடனில் மாட்டிய கிராணிகளின் பெயர்தான் முதலில் அடிபடும் என்கிறார்கள். இரண்டு தவணை எனக்குத் தவறிவிட்டது. செட்டியார் எங்கள் வெள்ளைக்காரத் துரைக்கு எழுதப்போகிறேன் என்று ஆள் விட்டுச் சொன்னார். எழுதினால் என் வேலை அன்றோடு சரி. மூன்று பிள்ளைகளோடு நான் எந்தக் கப்பலில் ஏறி எந்த ஊருக்குப் போவேன்?

மீரா சாகிப் இப்போது உனக்கு ஒரு மாதக் கடனுக்கு மூட்டை கொடுக்கிறாராமே. உன் பேச்சுக்கு அங்கே மதிப்பு வந்துவிட்டது என்று கேள்வி. எட்டுப் பத்து மூட்டை சேர்த்து எடு. பட்டர்வொர்த்தில் எனக்குத் தெரிந்த கடையில் ரொக்கத்துக்குத் தள்ளிவிடலாம். செட்டியார் வாயை அடைத்துவிட்டு, பிறகு மெதுவாக மீரா சாகிபுக்குக் கட்டலாம். ஒரே ஒரு தடவை. யாருக்கும் தெரியப்போவதில்லை.

அண்ணன்


ஜார்ஜ் டவுன்
14 ஜூலை 1932

அன்புள்ள அண்ணா,

உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு அடுப்பில் போட்டுவிட்டேன். நீங்கள் செய்யச் சொன்னது, அவர் செய்த அதே காரியம். அவரும் ஒரே ஒரு தடவை என்றுதான் ஆரம்பித்தார். பிறகு மெதுவாகக் கட்டலாம் என்றுதான் அவரும் சொன்னார். நான் மாட்டேன்.

அதற்காக உங்கள் வேலை போகட்டும் என்று நான் சும்மா இருக்கவில்லை. நேற்று நானே செட்டியார் வட்டித் தொழில் நடத்தும் கிட்டங்கிக்குப் போனேன். செட்டியார்கள் கணக்குப் பெட்டியோடு உட்காரும் பெட்டியடிகள் வரிசையாக; அத்தனை பேரும் ஆண்பிள்ளைகள். உள்ளே போகத் தைரியம் வராமல் வாசலிலேயே நின்றேன். என்ன வேணும் என்றார் செட்டியார். துரைக்கு எழுதவேண்டாம், மாதம் பத்து வெள்ளி நான் கட்டுகிறேன், ஐந்து வெள்ளி அண்ணன் கட்டுவார் என்றேன்.

"நீ யாரும்மா?"

"ஈசாக்கு வீட்டுக்காரி."

அவர் கணக்குப்பிள்ளையைப் பார்த்துச் சிரித்தார். "புருஷன் ஒரு தடவை, மச்சான் ஒரு தடவை, இப்ப பொஞ்சாதியா? குடும்பமே முறை வச்சு வருது. ஒன்னை எப்படி நம்புறது?"

"நம்ப வேண்டாங்க. மீரா சாகிப் நானாவைக் கேட்டுப் பாருங்க."

அவர் கேட்டே விட்டார். உடனே ஆளை அனுப்பினார். அந்த ஆள் போய்வருகிறவரை நான் வெயிலில் நின்றேன். உட்கார் என்று யாரும் சொல்லவில்லை. வந்தவன் சொன்ன பதில் இவ்வளவுதான்: "சனிக்கிழமைன்னா சனிக்கிழமை காசு வரும்னு சாகிபு சொன்னாங்க. வேற ஒன்னும் எனக்குத் தெரியாதுன்னு சொல்லிட்டாங்க."

செட்டியார் கணக்கேட்டைப் புரட்டிப் பார்த்தார். பிறகு, "மூணு மாசம் பாக்குறேன். ஒரு தவணை தப்புனா கடுதாசி துரைக்குப் போகும்" என்றார்.

ஆகவே உங்களிடம் தொடாமல் கிடக்கிற மணியார்டர்களை மாற்றித் தவறிய தவணைகளைக் கட்டுங்கள். அது துவைத்த காசு, வேகவைத்த காசு. தைரியமாகத் தொடலாம்.

தங்கை
ஞானதீபம்


ஜார்ஜ் டவுன்
21 நவம்பர் 1932

அன்புள்ள அண்ணா,

இதை எழுதவேண்டுமா என்று மூன்று நாள் யோசித்தேன். ராமதாஸ் இப்போது வருவதில்லை. நான் சொல்லாவிட்டால் உங்களுக்குத் தெரிய வழியில்லை. அதனாலேயே சொல்லிவிடுகிறேன்.

அவர் வந்துவிட்டார்.

பையன்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது மாடிப்படியில் நின்றார். தாடியும் மீசையுமாக, யாரோ பிச்சைக்காரன் என்று நினைத்து இலை போட்டேன். சாப்பிட உட்கார்ந்தவர் குனிந்தபோதுதான் கழுத்துத் தழும்பைப் பார்த்து என் வீட்டுக்காரர் என்று தெரிந்துகொண்டேன். மேடானில் புகையிலைத் தோட்டத்தில் கூலி வேலையாம். கொண்டுபோன காசு சூதாட்டத்தில் போய்விட்டது என்று அவரே சொன்னார். அழுதார். மன்னிப்புக் கேட்டார். நான் மன்னித்தேன். வாயால் மட்டும் இல்லை அண்ணா, நிஜமாகவே மன்னித்தேன். இத்தனை மாதமாகச் சுமந்தது இறங்கினதுபோல இருந்தது.

ஆனால் மறுநாள் காலையிலேயே மீரா சாகிப் கடைக்குப் போய் நின்று, நான் நேரில் வந்து வாங்காமல் யார் என் பெயரைச் சொன்னாலும் ஒரு பிடி அரிசி கொடுக்கவேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சொன்னது நல்லதாய்ப் போயிற்று. அடுத்த நாளே இவர் போய் ஐந்து மூட்டை கேட்டிருக்கிறார். சாகிப் கொடுக்கவில்லை. நான் கேட்டதற்கு, "ஒனக்குச் சிரமம் வேண்டாம்னுதான் நானே போனேன்" என்றார். அது நிஜமாகவும் இருக்கலாம். எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு வேறு, நம்பிக்கை வேறு என்று அவரிடம் சொன்னேன். மன்னிப்பை ஆண்டவருக்காக அன்றைக்கே கொடுத்துவிட்டேன்; நம்பிக்கையை அவர்தான் சம்பாதிக்கவேண்டும், நான் சம்பாதித்ததுபோல. இப்போது பாத்திரம் தேய்க்கிறார். அரிசி அறைச் சாவி என் இடுப்பில் இருக்கிறது.

செட்டியாருக்குத் தெரிந்தால் அவரைப் பிடித்து உள்ளே தள்ளுவார் என்று தெரியும். தெரிந்துதான் உங்களுக்கு எழுதுகிறேன்.

ஞானதீபம்


பிறை
23 நவம்பர் 1932

நான் அன்றே சொன்னேன். அவன் எப்போதும் அங்கேதான் இருந்திருக்கிறான். மேடானாம், புகையிலையாம்! தாடி வளர்த்துக்கொண்டு கதை சொன்னால் நீ நம்புவாய், நான் நம்பமாட்டேன். மகனுக்குக் காய்ச்சல் வந்தபோது மருந்துக்குக் காசில்லாமல் நான் ராமதாஸிடம் கைநீட்டினேன். அவன் அங்கே இலை போட்டுச் சாப்பிடுகிறானா?

வருகிற சனிக்கிழமை படகேறி அக்கரைக்கு வருகிறேன். உன் வீட்டுக்கு இல்லை. கிட்டங்கிக்கு.

வேதமாணிக்கம்


ஜார்ஜ் டவுன்
25 நவம்பர் 1932

அண்ணா,

வாருங்கள். அவரிடம் நீங்கள் வருவதைச் சொல்லவில்லை. ஒளித்தும் வைக்கமாட்டேன்.

ஞானதீபம்


பிறை
28 நவம்பர் 1932

அன்புள்ள தங்கச்சி,

சனிக்கிழமை நடந்ததை உன்னிடம் யார் எப்படிச் சொன்னார்களோ தெரியாது. நான் சொல்லவேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

காலைப் பெரிப் படகில் ஏறினேன். செட்டியார் என்னைப் பார்த்ததும், "என்ன கிராணியாரே, தவணைக்கு இன்னும் நாள் இருக்கே?" என்றார். பாய் போட்டு உட்காரச் சொன்னார். உன்னை வெயிலில் நிறுத்திய மனுஷன் எனக்குப் பாய் போடுகிறார். ஏன் தெரியுமா? "ஒங்க தங்கச்சி ஒரு தவணைகூடத் தப்பலை" என்றார். நான் வாயைத் திறந்தேன். ஈசாக்கு வந்துவிட்டான் என்று சொல்லாமலே மூடிக்கொண்டேன்.

அவன்மேல் இரக்கம் வரவில்லை. அதை நீ தெரிந்துகொள். எனக்கு வந்த யோசனை வேறு. நீ எழுதாமல் இருந்திருந்தால் எனக்கு இது தெரிந்தே இருக்காது. நான் காட்டிக்கொடுப்பேன் என்று தெரிந்தும் எழுதினாய். இந்த வருஷமெல்லாம் நான் உன் சட்டைக் கொடியை எண்ணிக்கொண்டிருந்தேன். நீ என்னை அவ்வளவு நம்பியிருக்கிறாய். சும்மா பார்த்துப்போக வந்தேன் என்று செட்டியாரிடம் உளறிவிட்டு எழுந்தேன்.

கால் தானாக ஆர்கைல் ரோட்டுக்கு வந்தது. நீ காய்கறி வாங்கப் பாசாருக்குப் போயிருந்தாய். அவன்தான் இலை போட்டான். என்னைத் தெரிந்துகொண்டதும் குழம்பை என் வேட்டியில் கொட்டிவிட்டான். நான் சாப்பிட்டேன். எழுந்து கை கழுவும்போது பின்னால் வந்து நின்றான்.

"மச்சான், செட்டியார்கிட்ட நானே போறேன். ஒரு வாரம் டைம் கொடுங்க."

"ஒரு வாரத்துல எந்தக் கப்பலு?" என்றேன்.

அவன் முகம் செத்துப்போயிற்று. அப்புறம் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறினான். "அப்ப இப்பவே வாங்க."

வழியெல்லாம் அவன் ஓடிவிடுவான் என்று அவன் கையைப் பார்த்துக்கொண்டே நடந்தேன். மார்க்கெட் ஸ்ட்ரீட் முனையில் ஒரு நிமிஷம் கூட்டத்தில் மறைந்தான். சரி, போய்விட்டான் என்று நினைத்தேன். பார்த்தால் கிட்டங்கி வாசலில் எனக்கு முன்னால் நிற்கிறான். செட்டியார் எழுந்தே விட்டார். கத்தித் தீர்த்தார். பிறகு கணக்குப்பிள்ளையிடம், "இவனைக் கடனுக்காக ஜெயில்ல தள்ளுனா, சட்டப்படி இவன் சோத்துக்கும் நான்தான் காசு கட்டணும். அதுக்குத் துறைமுகத்துல மூட்டை தூக்கட்டும்" என்றார். வாரக் கூலியில் பாதி கிட்டங்கிக்கு நேராகப் போகும். ஈசாக்கு கையெழுத்துப் போட்டான். ஜாமீன் யார் என்று செட்டியார் கேட்டார். நான் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஈசாக்கே சொன்னான்: "ஜாமீன் வேண்டாங்க. இனிமே எனக்காக யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்."

அவனை நான் இன்னும் மன்னிக்கவில்லை. முயற்சி பண்ணுகிறேன் என்று வேண்டுமானால் எழுதிக்கொள். மூப்பரைப் பார்த்து நான் முன்பு சொன்னது தப்பு என்று சொல்லிவிட்டேன். சீட்டில் உன்னைச் சேர்ப்பார்கள். ஆள் குறைப்புப் பட்டியலில் என் பெயர் இல்லை, அதுவும் சொல்லவேண்டும்.

இனி ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கரைக் கோவிலுக்கே வரலாம் என்றிருக்கிறேன். ஆராதனை முடிந்து உன் கடையில் சாப்பிடுவேன். மாதக் கணக்கில் என் பெயரையும் சேர்த்துக்கொள். சம்பளம் வந்ததும் கட்டிவிடுவேன். நம்புவாயா?

அண்ணன்
வேதமாணிக்கம்


ஜார்ஜ் டவுன்
1 டிசம்பர் 1932

அன்புள்ள அண்ணா,

மாதக் கணக்கில் புதிதாகச் சேருகிறவர்கள் ஒரு வெள்ளி முன்பணம் கட்டவேண்டும். அண்ணனுக்கும் அப்படித்தான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்கறி. நேரத்தோடு வாருங்கள்.

தங்கை
ஞானதீபம்